கடல் கலக்காத உப்பு

என் தம்பி கப்பலிலிருந்து காணாமல் போன பிறகு அம்மா கடலோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிட்டாள். வரப்புத் தகராறில் பங்காளிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே, அப்படி. முதலில் மீன்காரரை வாசலோடு அனுப்பினாள். கருவாட்டுச் சட்டியைத் தென்னை மரத்தடியில் கவிழ்த்தாள். பிறகு ஒரு நாள் டிவியில் உப்பளத்தைக் காட்டினார்கள். பாத்தி பாத்தியாகக் கடல் தண்ணீரைக் கட்டி, காயவைத்து, வெள்ளையாக வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். உப்பு ஜாடியோடு வெளியே வந்து அதையும் தென்னை மரத்தடியில் கொட்டினாள்.

“அவனத் திருப்பிக் குடுக்கற வரைக்கும் அந்தக் கடலு சங்காத்தமே நம்மூட்டுக்கு வேண்டாம் அம்மிணி” என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இந்துப்புதான். மலையில் வெட்டி எடுப்பது, கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மருந்துக்கடைக்காரர் அவளுக்குச் சொல்லியிருந்தார். ரசத்தில் போட்டால் ஏறவே ஏறாது. எனக்கு நாக்கு செத்துப்போனது. கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனி கேன்டீனில் ஊறுகாயை மட்டும் தனியாக வாங்கித் தின்பேன். வீட்டுக்கு வந்து கத்துவேன். அம்மா காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள். எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். அவளுக்குப் பிடிவாதம் நீளம், அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கேரளாவில் இருந்துகொண்டு கடலையே பார்க்காத வீடு எங்களுடையது. சிரிக்காதீர்கள். எல்லையோரம் வாளையாரில் இருப்பவர்களுக்கு எல்லாமே கிழக்கே. ஆஸ்பத்திரியா, கோயமுத்தூர். ஜவுளியா, கோயமுத்தூர். சாமியா, மருதமலை, பழனி. மேற்கே அரை நாள் போனால் கடல் இருக்கிறது என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததோடு சரி. என்னையாவது ஆபீஸ் டூரில் கொச்சிக்குக் கூட்டிப் போனார்கள். அம்மா அதுவும் பார்த்ததில்லை. அந்த வீட்டிலிருந்து ஒருவன் லேத் பட்டறை வேலையை விட்டுவிட்டு, ஏதோ கோர்ஸ் படித்து, கப்பலில் ஃபிட்டராகப் போனான். என்னைவிட எட்டு வயது சின்னவன். அதிகம் பேச மாட்டான். போனில் கூப்பிட்டால் நாம்தான் பேச வேண்டும். சாப்பிட்டாயா என்றால் “ம்”. உடம்பு நன்றாக இருக்கிறதா என்றால் “ம்”. அந்த ஒற்றை எழுத்தை வைத்தே அவன் சந்தோஷமாக இருக்கிறானா, வெசனத்தில் இருக்கிறானா என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

ஒரு நாள் காலையில் வேலைக்கு வரவில்லை, கப்பல் முழுக்கத் தேடியும் ஆள் இல்லை என்று கப்பல் கம்பெனியிலிருந்து சொன்னார்கள். கப்பல் வந்த வழியே திரும்பிப் போய்த் தேடியதாம். அவ்வளவுதான். எங்கள் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னோம். ‘காணாதாயி’ என்று மலையாளத்தில் எழுதிக்கொண்டார்கள். தமிழிலும் காணாமல் போனான் என்றுதான் சொல்கிறோம். இரண்டு வார்த்தையிலும் சாவு இல்லை. அம்மா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“காணோம்னா தேடோணும். நீ கருமாதி பண்ணோணுங்கற. பெத்தவ உசுரோட இருக்கறப்ப இப்பிடிப் பேசறியே, உனக்கு நாக்கூசலியா?”

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவனுக்குக் காரியம் செய்ய வேண்டும், அதற்கு அம்மா வாயால் சரி என்று சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் அதற்காக அவளோடு மல்லுக்கட்டினேன். நம்பிக்கையில்லாமல் அல்ல, தாங்க முடியாமல். செக்போஸ்ட் வரிசையில் லாரிகள் ஊர்ந்து வந்து நிற்கும்போது ‘உஸ்’ என்று காற்றை விடும். இரவு பகல் அந்தச் சத்தம்தான் எங்கள் ஊர். கோயமுத்தூரில் ரயிலிறங்கி ஏதாவது லாரியில் தொற்றிக்கொண்டு வந்து குதிப்பது என் தம்பியின் வழக்கம். ஒவ்வொரு ‘உஸ்’ஸுக்கும் அம்மாவின் தலை வாசலைப் பார்த்துத் திரும்பும். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே திரும்பும். கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் திரும்பும். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கழுத்து திரும்ப ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் நான் பயந்தேன்.

இதற்கு நடுவில் ஹாலில் அந்தக் கண்ணாடி மீன் தொட்டி. கடைசி லீவில் வந்தபோது அவன் வாங்கி வைத்தது. மூன்றடி நீளம். பம்ப், நீல லைட் எல்லாம் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கீழேயே கிடந்தன. “அடுத்த லீவுல கடல் தண்ணி கலக்கி, பவளம் வெச்சு, அம்மாவுக்கு உக்காந்த எடத்துலயே கடலக் காட்டறேன்” என்றான். அவன் ஒரு மூச்சில் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டது அன்றுதான். தொட்டி காய்ந்தே கிடந்தது. அம்மா தினமும் ஈரத்துணியால் துடைப்பாள். துடைத்துத் துடைத்துக் கண்ணாடி இருப்பதே தெரியாது. சாவு வீட்டில் கொண்டுவந்து வைக்கும் ஐஸ் பெட்டிதான் எனக்கு ஞாபகம் வரும். ஆள் வராத ஐஸ் பெட்டி. வேலை முடிந்து ஹாலுக்குள் நுழையும்போது கண்ணாடியில் ஒரு உருவம் அசையும். என் உருவம்தான். தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு நாளும் ஒரு தடவை நின்று பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். “ஒண்ணு இதுல தண்ணி ஊத்தறேன், இல்லாட்டித் தூக்கிப் பழைய இரும்பு எடுக்கற ஆக்கர்காரனுக்குப் போடறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

அம்மா நெடுநேரம் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தூக்கிப் போட மனசு வராது என்று எனக்குத் தெரியும்.

“ஊத்து. ஆனா அந்தக் கடலுத் தண்ணியும் அந்தக் கடலு உப்பும் என்ற வாசப்படி தாண்டக் கூடாது.”

“கடல் உப்பு இல்லாம எப்பிடிம்மா கடல் மீன் வளக்கறது?”

“அது உன்ற பாடு.”

கோயமுத்தூரில் மீன் தொட்டிக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு ஒன்று உண்டு. ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கடைசியில் கடல் மீன் வைத்திருக்கும் ஒரு சின்னக் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரருக்கு என் தம்பி வயசு இருக்கும். அதற்காகவே முதலில் அவர் மேல் எரிச்சல் வந்தது. முதல் தொட்டி, பவளம் வைக்க வேண்டும், ஒன்றும் தெரியாது என்றேன். ஆர்வமாக மூன்று விதமான உப்பை எடுத்து வைத்தார்.

முதல் பையைத் தட்டிக் காட்டி, “இதுதானுங்க்கா ஒரிஜினலு. நெசக் கடல் தண்ணிய ஆவியாக்கி எடுத்தது. கடல்ல என்னென்ன இருக்குதோ அத்தனையும் இதுல இருக்குதுங்க” என்றார்.

“எந்தக் கடல்ல எடுத்தது?”

“அது... வெளிநாட்டுக் கடலுங்க.”

“வெளிநாட்டுக் கடல்னா? அரபிக் கடலா? அதுக்கு அக்கட்டால இருக்கறதா?” என் தம்பியின் கப்பல் கடைசியாக எங்கே இருந்தது என்று கம்பெனிக்காரர்கள் சொன்ன கடலின் பெயரையும் கேட்டேன். அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊர்ப் பெயர் இருந்தது, கடல் பெயர் இல்லை. இருந்தால் மட்டும் என்ன? கடலுக்கு வேலியா போட்டிருக்கிறார்கள்? அந்தப் பையின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டேன். அம்மாவின் கிறுக்கு என்று இத்தனை நாள் நான் திட்டிய அதே கிறுக்கு, கடை நடுவில் என் உள்ளங்கையில் வேர்வையாக வந்து நின்றது.

“இது வேண்டாம். கடல் கலக்காத உப்பு ஏதாச்சும் இருந்தாக் குடுங்க.”

“கடலே ஆகாதுங்கறீங்க, அப்பறம் எதுக்குங்க்கா கடல் மீன் தொட்டி?” என்று சிரித்தார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் முறைத்த முறைப்பில் அவர் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டார்.

மற்ற இரண்டும் தொழிற்சாலையில் சேர்த்தவை. சோடியம், மெக்னீசியம், கால்சியம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுத்தம் செய்து அளந்து கலப்பார்களாம். அதில் ஒன்று கால்சியம் தூக்கலாகப் போட்டது, கல் போலக் கெட்டியாக வளரும் பவளங்களுக்கு. இன்னொன்று அளவாக இருப்பது. “உங்களுக்கு மொதத் தொட்டி. மெத்துன்னு அசையற பவளம் வைங்க, அதுக்கு இந்த அளவானதே தாராளம். தூக்கலானத வாங்கிட்டு அளவு தப்பிட்டா கால்சியமெல்லாம் வெள்ளையாப் படிஞ்சு பம்பு அடைச்சுக்கும். எத வாங்குனாலும் ஒரே உப்புல நில்லுங்க. மாசத்துக்கு ஒண்ணு மாத்துனா பவளம் தாங்காதுங்க” என்றார்.

“இதுல கடல் சத்தியமா இல்லீங்களே?”

“ஒரு சொட்டு இல்லீங்க்கா. ஆனா சரியாக் கலக்குனீங்கன்னா கடல் தண்ணிக்கும் இதுக்கும் இம்மி வித்தியாசம் இருக்காது.”

எனக்கு முதல் பாதி மட்டும் போதுமாக இருந்தது. அளவானதையே வாங்கினேன். கல்லும் கடலில் எடுக்காத கல்தான், சிமென்ட் போல எதிலோ ஓட்டை ஓட்டையாக வார்த்தது. உப்பு பார்க்கும் மீட்டர் ஒன்றும் கொடுத்தார். கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்னக் குழல். ஒரு லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம், அவ்வளவுதான் கணக்கு என்றார். பாலக்காட்டு பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் பையைக் காலால் தள்ளிப் பார்த்து, “எந்தா சேச்சி, சிமென்டோ?” என்றார். உப்பு என்றேன். சிமென்ட் ஃபேக்டரி இருக்கிற ஊருக்கு ஒருத்தி மாநிலம் தாண்டி உப்பு சுமந்து போகிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

வாசலில் அம்மா பையை முகர்ந்து பார்த்தாள். வாசமே இல்லை. “கடலு இல்லியே?” என்றாள். “ஃபேக்டரி சரக்கு” என்றேன். வழிவிட்டாள்.

முதல் தடவை கலக்கியது அத்தனையும் போச்சு. தப்பு என்னுடையதுதான், ஆனால் எந்தச் சமையல்காரியும் செய்யும் தப்பு. பழைய சோற்றைக் கரைக்கும்போது உப்பை முதலில் போட்டுப் பிசைந்து, பிறகுதானே தண்ணீர் ஊற்றுவோம்? அதே பழக்கத்தில் காலி டிரம்மில் உப்பைக் கொட்டி அதன் மேல் ஃபில்டர் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் தெளியவே இல்லை. மறுநாளும் சுண்ணாம்புப் பால் போலவே நின்றது, டிரம்மின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு கட்டிவிட்டது. கடைக்கு போன் போட்டேன். “ஐயோ, உப்பு மேல தண்ணி ஊத்துனீங்களா? தண்ணி சுத்திட்டிருக்கறப்ப உப்பக் கொஞ்சங் கொஞ்சமாத் தூவோணுமுங்க” என்றார். இதைப் பையோடு சொல்லித் தொலைத்தால் என்ன என்று அவரைக் கடிந்துவிட்டு, டிரம்மை வேலியோரம் உருட்டிக் கவிழ்த்தேன். அந்த இடத்தில் புல் கருகிப்போனது.

இரண்டாம் தடவை சொன்னபடி செய்தேன். டிரம்மில் பம்ப் போட்டு, தண்ணீர் சுழலும்போது பிடி பிடியாகத் தூவினேன். ஒரு நாள் சுழல விட்டேன். கண்ணாடி போலத் தெளிந்தது. தொட்டியில் ஊற்றி, கல்லை அடுக்கி, பம்பையும் நீல லைட்டையும் போட்டேன். ஹால் முழுக்க அலை அலையாக நிழல் ஓடியது. அம்மா சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு அடுப்படி நிலைப்படியிலேயே நின்றாள். கிட்டே வரவில்லை.

மீன் விடுவதற்கு முன் ஒரு மாதத்துக்கு மேல் சும்மா ஓடவிட வேண்டும், தண்ணீர் பழக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில்தான் வீடு மாறியது. பம்புக்கு ஒரு சத்தம் உண்டு. தொண்டைக்குள்ளிருந்து வருகிற மாதிரி விட்டு விட்டு வரும். ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

“கறவை நின்னு போச்சு சாமி, மாட்டக் குடுத்துப்போட்டோம்.”

“ம்.”

“உங்க அக்கா நெதமும் கத்தறா. அவ கெடக்கறா.”

“ம்.”

கையில் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றேன். உள்ளே எட்டிப் பார்த்தால் நீல வெளிச்சத்தில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தொட்டி. வேறு யாரும் இல்லை. “பைத்தியமா உனக்கு? அது மோட்டார் சத்தம்!” என்று கத்தினேன். “எனக்குத் தெரியாதா?” என்றாள் அவள் அமைதியாக. தெரிந்துகொண்டே பேசியிருக்கிறாள். அடுத்த நாள் அம்மா குளிக்கப் போயிருந்தபோது நானும் தொட்டி முன்னால் போய் நின்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஓடி வந்துவிட்டேன்.

பிறகு கல்லில் பழுப்பாகப் பாசி படர்ந்தது. அதோடு வாசமும் வந்தது. உப்புக்கு இல்லாத வாசம், கடைக்காரர் கொடுக்காத வாசம். லீவில் வந்து அவன் பையைத் திறந்து அழுக்குத் துணிகளைக் கொட்டும்போது வருமே, அதே. நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் மூக்கைத் தூக்கினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு சொட்டுக் கடலும் கலக்காமல் நான் அளந்து அளந்து சேர்த்த தண்ணீர் அது. எந்த வழியாக உள்ளே வந்தான்?

பண்ணையில் பொரித்த கோமாளி மீன் இரண்டை வாங்கி விட்டேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. அவை அம்மாவின் விரல் போகும் பக்கமெல்லாம் போயின. இப்போது அவள் தொட்டியை விட்டு நகர்வதே இல்லை. கருமாதிப் பேச்சை எடுத்தால், “ச்சூ, மெதுவாப் பேசு” என்று தொட்டியைக் கண்ணால் காட்டுவாள். ஐஸ் பெட்டியை ஒழிக்கப் போய் நான் அவனுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. இந்த ஜென்மத்தில் இனி அவள் சம்மதிக்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மாதம் ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். மூன்றாவது தடவை அது. ஞாயிற்றுக்கிழமை காலை, பின்கட்டில் டிரம்மில் புதுத் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்கு அளவு ஒன்று கூடும் அல்லது குறையும். அன்று மீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கோடு சரியாக முப்பத்தைந்தில் நின்றது. சந்தோஷத்தில், “அம்மா, இங்க வா! இன்னைக்குத்தான் அச்சு அசலா அமைஞ்சிருக்கு” என்று கூப்பிட்டேன்.

அம்மா கையில் கொத்தமல்லிக் கட்டோடு வந்தாள். குழம்புக்குப் பார்ப்பது போல ஒரு விரலை டிரம்மில் முக்கி நாக்கில் வைத்தாள். அவள் முகம் சுருங்கியது. தூ என்று துப்பினாள். மறுபடியும், இந்தத் தடவை உள்ளங்கையைக் குவித்து ஒரு வாய் அள்ளினாள். நான் தடுப்பதற்குள் விழுங்கப் பார்த்தாள். தொண்டை ஏற்கவில்லை. இருமி இருமிக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“அங்கயும் இப்பிடித்தான் கரிக்குமா?”

நான் இன்னும் மீட்டரைப் பிடித்துக்கொண்டு பெருமையில் இருந்தேன். “இதேதான். இம்மி கூடக் கொறைய இருக்காது. அதுக்குத்தானே இத்தன பாடு!”

“எல்லாக் கடலும்?”

“எல்லாக் கடலும்தாம்மா.”

அவள் ஈரக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நாஞ் சும்மா கொஞ்சம் உப்பா இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன் கண்ணு. நம்ம போர்த் தண்ணியாட்ட. நீச்சல் தெரியும் அவனுக்கு, சுத்தியும் தண்ணி கெடக்குது, குடிச்சிட்டுக் கெடந்து எங்கியாச்சும் கரை ஏறியிருப்பான்னு...” நிறுத்தினாள். “அப்ப, தாகம் எடுத்தா எதக் குடிச்சிருப்பான்?”

நான் வாயைத் திறந்தேன். மீட்டர் கையிலிருந்து நழுவியது. வந்த வார்த்தைகள் என்னுடையவை போலவே இல்லை. “மழ பெஞ்சிருக்கும்மா. கடல்ல அடிக்கடி மழ பெய்யும். வேற கப்பல் ஏதாச்சும் அந்தப் பக்கமா வந்திருக்கும். மீன் பிடிக்கறவங்க படகு வந்திருக்கும்...”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. என் கன்னத்தைத் தொட்டாள். உதட்டோரம் பட்ட அவள் விரல் கரித்தது.

“போதும் கண்ணு. கருமாதிக்கு ஒரு நாளு பாக்கச் சொல்லு.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அவளோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டேன். அவள் காத்திருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அவன் செத்துப்போனான் என்று அத்தனை சுலபமாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இனி அவனுக்காகக் காத்திருக்க ஆளில்லை. நான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

“வேண்டாம்மா” என்று அழுதேன். “இன்னொரு வருஷம் பாக்கலாம். வந்துருவாம்மா.”